மைல் கணக்கு

முதல்ல ஒரு ரெண்டு மார்க் கேள்வி. விமானக் கம்பெனி எதை விற்றுச் சம்பாதிக்கிறது?

"டிக்கெட்" என்று எழுதினால் ஒரு மார்க் தருவேன். மீதி ஒரு மார்க்குக்கான பதிலைத் தேடி இந்த செமஸ்டர்ல நான் படிச்சதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிலபஸ்ல இல்லை, இன்டர்னல்ஸ்ல கேட்க மாட்டாங்க. ஆனா நம்ம பேட்ச்ல நிறைய பேர் அடுத்த வருஷம் ஏதோ ஒரு கம்பெனிக்காக பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையப் போறோம். அதனால உங்களுக்கும் இது தேவைப்படும். எனக்கு ஏன் தேவைப்பட்டதுன்னு பின்னாடி சொல்றேன்.

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. 1978 வரை அங்கே ஒரு விமானக் கம்பெனி தன் டிக்கெட் விலையைத் தானே முடிவு செய்ய முடியாது. யார் எந்த ஊருக்குப் பறக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதையெல்லாம் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்ற அரசு வாரியம்தான் சொல்லும். அந்த வருஷம் அக்டோபர்ல அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கட்டுப்பாடு போச்சு. புதுக் கம்பெனிகள் முளைத்தன, விலைப் போட்டி ஆரம்பித்தது. எல்லாரும் பறப்பது அதே போயிங், அதே வேகம், அதே ஊர். அப்புறம் ஒரு பயணி உங்க கம்பெனிக்கே திரும்பத் திரும்ப ஏன் வரணும்?

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கண்டுபிடித்த பதில் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்குப் பிடிக்கும். அவர்களிடம் ஐபிஎம்மோடு சேர்ந்து 1960களில் கட்டிய 'சேபர்' என்ற முன்பதிவு சிஸ்டம் இருந்தது. ஆனா அதில் 'கஸ்டமர் ஐடி' எல்லாம் கிடையாது. அப்போ அடிக்கடி பறக்கும் ஆள் யார்னு எப்படிக் கண்டுபிடிப்பது? புக்கிங்கில் கொடுத்த ஃபோன் நம்பரை வைத்து! எந்த நம்பர் திரும்பத் திரும்ப வருதோ அவர்தான் நம்ம ஆளு. ஃபோன் நம்பரை பிரைமரி கீ ஆக்காதேன்னு நமக்கு லேப்ல சொல்லித் தந்ததை அவங்க செஞ்சாங்க, அது வேலையும் செஞ்சுது. அந்தப் பட்டியலை வைத்து 1981 மே 1ஆம் தேதி 'ஏஅட்வான்டேஜ்' திட்டம் ஆரம்பமானது. பறந்த தூரத்துக்கு மைல், சேர்த்த மைலுக்கு இலவச டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னுடைய 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை இறக்கியது. டெல்டாவும் அதே வருஷம் வந்துவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. கேன்டீன்ல பத்து டீக்கு ஒரு டீ ஃப்ரீன்னா, காசு கொடுக்கிறதும் நீங்க, ஃப்ரீ டீ குடிக்கிறதும் நீங்க. விமானத்தில் அப்படி இல்லை. அடிக்கடி பறப்பவர்களில் பெரும்பாலானோர் ஆபீஸ் வேலையாகப் பறப்பவர்கள். டிக்கெட்டுக்குக் காசு ஆபீஸுடையது. மைல் மட்டும் அந்த ஊழியர் பேரில் ஏறும். அதனால 200 டாலர் டிக்கெட்டும் 260 டாலர் டிக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எதில் தன் மைல் ஏறுமோ அதை எடுக்கத்தான் கை போகும். கூடுதல் 60 டாலர் அவர் பாக்கெட்டில் இருந்து போகலையே! முடிவெடுப்பவர் ஒருத்தர், காசு கொடுப்பவர் இன்னொருத்தர். இந்த இடைவெளியில்தான் மொத்தத் திட்டமும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மைல் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை ரொம்ப நாள் நடந்தது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் அரசு வேலையாகப் பறந்து சேர்த்த மைலை சொந்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 2001 கடைசியில்தான் சட்டம் வந்தது. மறு வருஷமே, இப்படி ஆபீஸ் பயணத்தில் சேர்த்த மைலுக்கு வரி கேட்டுத் துரத்த மாட்டோம் என்று அங்குள்ள வரித்துறை அறிவித்தது. அதே 2002ல் ஜெர்மனியில் நடந்தது நேர் எதிர். பதவி வேலையாகப் பறந்து சேர்த்த மைலை சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் பெர்லின் மாநிலத்தின் பொருளாதாரத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த கிரேகர் கீசி ராஜினாமா செய்தார். ஒரே மைல்தான். ஒரு நாட்டில் போனஸ், இன்னொரு நாட்டில் பதவி போகும் அளவுக்குக் குற்றம்.

சரி, இப்போ படிநிலைகளுக்கு வருவோம். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. இதைப் புரிஞ்சுக்க ஒரு அக்கவுன்ட்டில் ரெண்டு கவுன்ட்டர் ஓடுதுன்னு நினைச்சுக்கோங்க. முதல் கவுன்ட்டர் செலவு பண்ணக்கூடிய மைல். அதில் டிக்கெட் வாங்கலாம், வாங்கினா குறையும். ரெண்டாவது கவுன்ட்டர் அந்தஸ்துக்கு. அதைச் செலவு பண்ண முடியாது. ஒரு வருஷத்துக்குள் ஒரு அளவைத் தாண்டினால் அடுத்த படி. வருஷம் முடிஞ்சா பூஜ்யம்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸையே எடுத்துக்குவோம். அங்கே அந்த ரெண்டாவது கவுன்ட்டருக்குப் பேர் லாயல்டி பாயிண்ட்ஸ். 40,000 சேர்ந்தா கோல்டு, 75,000க்கு பிளாட்டினம், 125,000க்கு பிளாட்டினம் புரோ, 200,000க்கு எக்ஸிக்யூட்டிவ் பிளாட்டினம். அதுக்கும் மேலே 'கன்சியர்ஜ் கீ' என்று ஒன்று இருக்கு. அதுக்கு இத்தனை பாயிண்ட் வேணும்னு எங்கேயும் எழுதி வைக்கலை. கம்பெனியே கூப்பிட்டால்தான் உண்டு. மார்ச் 1ஆம் தேதி கவுன்ட்டர் ஓட ஆரம்பிக்கும், பிப்ரவரி கடைசியில் நிற்கும், திரும்பவும் பூஜ்யம்.

மேலே போகப் போக வேகமும் கூடும். சாதாரண உறுப்பினருக்கு டிக்கெட்டில் ஒரு டாலருக்கு 5 மைல். எக்ஸிக்யூட்டிவ் பிளாட்டினத்துக்கு அதே டாலருக்கு 11 மைல். ஒரே விமானம், ஒரே விலை, பக்கத்து சீட். ஆனா ஒருத்தருக்கு ரெண்டு மடங்குக்கும் மேல். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது பாசிட்டிவ் ஃபீட்பேக்னு உடனே தெரியும். உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வைக்கும் லூப் அது.

இலவச அப்கிரேட் சுத்தமா ஒரு பிரையாரிட்டி க்யூ. முன்னாடி வகுப்பில் சீட் காலியாக இருந்தால், காத்திருப்பவர்களை முதலில் படி வாரியாக வரிசைப்படுத்துவார்கள். அதே படியில் ரெண்டு பேர் இருந்தால், கடந்த 12 மாதத்தில் யார் அதிகம் சேர்த்தார் என்று பார்ப்பார்கள். கம்பெனிக்கு இதில் பெரிய செலவு இல்லை. அந்த சீட் காலியாகத்தான் பறந்திருக்கும். தனக்கு மலிவானதை உங்களுக்கு விலை உயர்ந்ததாகக் காட்டுவதுதான் இந்த வியாபாரம். முதலில் ஏறுவது, பெட்டி முதலில் வருவது, லவுஞ்ச் சோபா எல்லாமே அந்த வகைதான்.

இப்போ அந்த மீதி ஒரு மார்க். விமானக் கம்பெனிகள் மைலையே விற்கின்றன, அதுவும் வங்கிகளுக்கு! நீங்க ஒரு கிரெடிட் கார்டு தேய்க்கிறீங்க, 'மைல் கிடைத்தது' என்று மெசேஜ் வருது. அந்த மைலை வங்கி விமானக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கித்தான் உங்களுக்குத் தருகிறது. எத்தனை மைல் அடிக்கலாம், ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் கேட்கலாம் என்ற ரெண்டையும் முடிவு செய்வது விமானக் கம்பெனி. நோட்டு அடிக்கிற மெஷினும் அவங்க கையில், கடையில் விலை எழுதுற சாக்பீஸும் அவங்க கையில். 2023ல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடம் இருந்து டெல்டாவுக்கு வந்தது கிட்டத்தட்ட 680 கோடி டாலர். 2020ல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் எதை அடமானம் வைத்தது தெரியுமா? மைலேஜ்பிளஸ் திட்டத்தை. அதை வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பு என்று அவர்கள் காட்டியது சுமார் 2,200 கோடி டாலர். அப்போது பங்குச் சந்தையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பே அதைவிடக் குறைவு. விமானம், இன்ஜின் எல்லாத்தையும் விட அந்த ரெண்டு கவுன்ட்டருக்கு விலை அதிகம்.

இந்த சிஸ்டத்தை ஒரு இன்ஜினியர் திருப்பி அடித்த கதையும் இருக்கு. 1999ல் ஒரு உணவுக் கம்பெனி, தன் பொருட்களின் 10 பார்கோடு அனுப்பினால் 500 மைல், சீக்கிரம் அனுப்பினால் 1,000 மைல் என்று சலுகை விட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வேலை பார்த்த டேவிட் ஃபிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினியர் கடை கடையாகத் தேடினார். இருப்பதிலேயே மலிவு, 25 சென்ட் புட்டிங் கப். 12,150 கப் வாங்கினார். அத்தனை பார்கோடை யார் உரிப்பது? புட்டிங்கை ஒரு தொண்டு நிறுவனத்துக்கே கொடுத்து, பதிலுக்கு ஸ்டிக்கரை மட்டும் உரித்துத் தரச் சொன்னார். செலவு 3,140 டாலர். கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேல் மைல். பெரும்பகுதியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணக்கில் போட்டதால், பத்து லட்சம் தாண்டினவர் என்று வாழ்நாள் கோல்டு அந்தஸ்தும் சேர்ந்து வந்தது. புட்டிங் வாங்கியே கோல்டு! ஆஃபர் விதிமுறையைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள்தான் உண்மையான இன்ஜினியர்.

ஆனா இவர் மாதிரி ஜெயிச்சவங்க ரொம்பக் குறைவு. நான் பக்கத்திலிருந்து பார்த்தது வேற.

எங்க அக்கா எனக்கு ஆறு வயசு மூத்தவ. அமெரிக்காவில் கன்சல்டன்ட். வீடு சிகாகோ, கிளையன்ட் வேற ஊர். திங்கட்கிழமை விடியக்காலை ஏர்போர்ட், வியாழக்கிழமை ராத்திரி வீடு. நாலு வருஷம் இப்படி. அவ சேர்த்த மைலில்தான் எங்க அம்மா முதல் தடவையா விமானம் ஏறினாங்க, அதுவும் பிசினஸ் கிளாஸில். அந்த டிக்கெட்டோட விலையை நெட்ல பார்த்துட்டு அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். "காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன்டா. மதுரை ரயில்ல எனக்கு ஒரு தடவை லோயர் பெர்த் கிடைச்சிருக்கா?"ன்னு அம்மா போன வாரம் கூட சொன்னாங்க. இதை நான் சின்ன விஷயமா நினைக்கலை. நாங்க எந்தக் காலத்திலும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாத ஒரு ராத்திரித் தூக்கம் அது.

அதே அக்கா ஒரு டிசம்பர் கடைசி வாரத்தில், லீவு நாளில், சொந்தக் காசில் டிக்கெட் போட்டுப் பறந்தா. எங்கேயும் போகலை. இன்னும் நாலு ஃப்ளைட் குறைஞ்சா அவளோட பிளாட்டினம் போயிடும். அதனால போனா, இறங்கினா, அடுத்த கேட்டுக்கு நடந்தா, திரும்பி ஏறினா. ரெண்டு நாளில் நாலு ஃப்ளைட். எந்த ஊரிலும் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரலை. இதுக்கு 'மைலேஜ் ரன்'னு பேரே இருக்கு, நிறைய பேர் செய்யறாங்க. அன்னிக்கு வீடியோ காலில் பாட்டி, "எந்த ஊருல இருக்க தாயி?"ன்னு கேட்டாங்க. அக்கா திரும்பி, பின்னாடி இருந்த போர்டைப் படிச்சுட்டுத்தான் பதில் சொன்னா.

அப்புறம் அவளுக்கு புரொமோஷன் வந்துச்சு. பயணம் இல்லாத வேலை. அடுத்த வருஷம் கவுன்ட்டர் ஏறலை, பிளாட்டினம் போச்சு. ஊருக்கு வரும்போது கடைசி வரிசையோடு ஏறினதை ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்தா. நல்ல வேலை, கூடுதல் சம்பளம், தினமும் சொந்த வீட்டில் சாப்பாடு. இருந்தும் எதையோ பறிகொடுத்த மாதிரி ஒரு குரல். அதைப் பார்த்தப்போதான் எனக்கு இந்தப் படிநிலையோட பலம் புரிஞ்சது. சீட்டையும் சோபாவையும் விட அவங்க கொடுக்கிற பெரிய பொருள் 'நீ முக்கியமானவள்' என்ற நினைப்பு. அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.

புதுப்பிக்கிற விதியோ அவங்க கையில். முன்பெல்லாம் பறந்த தூரத்துக்கு மைல். 2015ல் டெல்டாவும் யுனைடெட்டும், 2016ல் அமெரிக்கனும் செலவழித்த டாலருக்கு மைல் என்று மாற்றிக்கொண்டன. மலிவு டிக்கெட்டில் நீண்ட தூரம் பறந்து சேர்த்தவர்கள் ஒரே நாளில் அவுட். 2023 செப்டம்பரில் டெல்டா விதிகளை இன்னும் இறுக்க, வாடிக்கையாளர்கள் கொந்தளித்து, தலைமை அதிகாரி எட் பாஸ்டியனே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோம் என்று ஒத்துக்கொண்டு பாதியைத் திரும்பப் பெற்றார்.

கோர்ட்டுக்குப் போகலாமா? போனார் ஒருத்தர். பின்யோமின் கின்ஸ்பெர்க் என்ற யூத மதகுரு, நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் பிளாட்டினம் உறுப்பினர். 2008ல் அவரை நீக்கிவிட்டார்கள். அடிக்கடி புகார் செய்கிறார் என்பது கம்பெனி சொன்ன காரணம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014ல் நீதிபதிகள் ஒருமனதாகக் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தார்கள். நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற மாநிலச் சட்டக் கொள்கையை வைத்து இங்கே வழக்குப் போட முடியாது, ஏன்னா 1978 சட்டம் அதைத் தடுக்கிறது என்றார்கள். கவனிச்சீங்களா? கட்டுரை ஆரம்பத்தில் வந்த அதே சட்டம்தான். வாடிக்கையாளரைப் பிடிக்க இந்தத் திட்டங்களைப் பிறக்க வைத்ததும் அது, அந்த வாடிக்கையாளர் வழக்குப் போடும்போது கதவைச் சாத்தினதும் அது.

நம்ம நாட்டிலும் உதாரணம் இருக்கு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது 'கிங் கிளப்' பாயிண்ட்டும் அதோடு போச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றபோது மட்டும் பாயிண்ட் பிழைத்தது. காரணம், 'ஜெட்பிரிவிலேஜ்' ஏற்கெனவே தனிக் கம்பெனி, அதில் பாதிக்கு மேல் எத்திஹாட் ஏர்வேஸின் பங்கு. விமானம் செத்தும் பாயிண்ட் மட்டும் 'இன்டர்மைல்ஸ்' என்று பேர் மாற்றிக்கொண்டு வாழ்ந்தது.

இவ்வளவும் நான் ஏன் படிச்சேன்னா, ஆகஸ்ட்டில் நம்ம ஆடிட்டோரியத்தில் ஒரு கம்பெனி மேனேஜர் பேசினார். கம்பெனி பேர் வேண்டாம். மெஷின் நிறுவும் வேலை, ஊர் ஊராகப் போகணும். பர்ஸில் இருந்து ஒரு தங்க நிற அட்டையை எடுத்துக் காட்டி, "ரெண்டாவது வருஷம் உங்க கையிலயும் இது இருக்கும்"னார். செம கைதட்டல். எனக்கு அங்கே ஆஃபர் வந்தது. லெட்டரில் 'பயணம் 80 சதவீதம் வரை' என்று ஒரு வரி. இன்னொரு ஆஃபரும் கையில் இருக்கு. சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா ஒரே ஊர்.

அக்காவைக் கேட்டேன். வேணாம்னு சொல்வான்னு நினைச்சேன், சொல்லலை. "வேலை பிடிச்சிருந்தா போடா. ஆனா அந்த கார்டை சம்பளத்தோட சேர்த்துக் கணக்குப் போடாத. அது நஷ்ட ஈடு. எவ்வளவு பெருசா தர்றாங்களோ அவ்வளவு பெருசா எதையோ எடுத்துக்கறாங்க"ன்னா.

கணக்குப் போட்டேன். 80 சதவீதம்னா மாசத்தில் ஆறு நாள்தான் வீடு. பாட்டிக்கு வயசு 81. அந்த மெஷின் வேலை எனக்குப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. அதனால எச்.ஆர்.க்கு மெயில் போட்டேன். 'ஏர்லைன் அந்தஸ்து பத்தி எனக்கு அக்கறை இல்லை. முதல் ரெண்டு வருஷம் பயணம் 50 சதவீதத்துக்குள் இருக்குமா? லெட்டரில் எழுதித் தர முடியுமா?' இதை எழுதும்போது பதில் இன்னும் வரலை. எழுதித் தந்தா போவேன். இல்லைன்னா அந்த ஒரே ஊர் வேலை.

உங்களுக்கு அப்படி ஒரு வேலை கிடைச்சா, ஒண்ணு செய்ங்க. முதல் ஆபீஸ் டிக்கெட்டுக்கு முன்னாடியே இலவசமா உறுப்பினர் ஆகிடுங்க. பறந்த பிறகு கேட்டா எல்லா நேரமும் ஏத்த மாட்டாங்க. அஞ்சு கம்பெனியில் சில்லறையா சேர்க்காம, ஒரே கூட்டணியில் சேருங்க. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம்னு மூணு பெரிய கூட்டணி இருக்கு. ஏர் இந்தியா 2014ல் இருந்து ஸ்டார் அலையன்ஸில். சேர்த்த மைலை உண்டியல்ல போட்டு வைக்காதீங்க. அது வட்டி தராத, விலை மட்டும் ஏறுகிற ஊர்ப் பணம். சேர்ந்ததும் அம்மாவையோ அப்பாவையோ ஜன்னல் சீட்டில் உட்கார வைங்க. டிசம்பர் வந்து நாலு ஃப்ளைட் குறையுதுன்னு ஆப் சொன்னா, ஆப்பை மூடிட்டு ஊருக்கு ரயில் டிக்கெட் இருக்கான்னு பாருங்க.